கடையை மாற்றுமுன் கடன் நோட்டைப் புரட்டுங்கள்

சாந்தோம் நெடுஞ்சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் இருபத்தேழு ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் சென்ற மாதம் சங்கத்துக்கு வந்திருந்தார். கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். இதுவரை கொடுத்த வாடகை 15,000 ரூபாய். பக்கத்திலேயே வேறு கடை பிடிப்பதானால் 45,000 கேட்கிறார்கள். மைத்துனர் குடியிருக்கும் சேலையூரில் 18,000 ரூபாய்க்குக் கடை இருக்கிறது. இடமும் இரண்டு பங்கு பெரிது. "அண்ணாச்சி, பேசாமல் தாம்பரம் பக்கம் போய்விடட்டுமா?" என்றார்.

இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என எங்கே நாலு கடைக்காரர்கள் கூடினாலும் இந்தப் பேச்சு வருகிறது. ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆயிற்று. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தார்கள். ஊர் தெற்கே நகர்கிறது, நாமும் நகர்ந்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஊர் நகர்வது வேறு, ஒரு கடை நகர்வது வேறு.

சாந்தோம்காரர்கள் இடம் மாறுவது இன்று நேற்றுக் கதையல்ல. 1639-ல் ஆங்கிலேயக் கம்பெனியார் மதராசப்பட்டினத்தில் நிலம் பெற்றபோது, மூன்று மைல் தெற்கே இருந்த சாந்தோம்தான் பெரிய ஊர். போர்த்துக்கீசியர் அங்கே நூறாண்டுக்கு மேலாக வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். மதராசப்பட்டினம்தான் அன்றைய சின்னப் புறநகர். கம்பெனியார் செய்த தந்திரம் ஒன்று: கோட்டையருகே குடியேறுவோர் உண்ணும், பருகும், உடுக்கும் பொருள்களுக்கு 30 ஆண்டுகள் சுங்கம் இல்லை என்று அறிவித்தார்கள். சாந்தோமிலிருந்து குடும்பங்கள் கிளம்பின. 1662-ல் கோல்கொண்டா படை சாந்தோமைப் பிடித்தது. 1672-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்து இரண்டே ஆண்டில் இழந்தார்கள். இந்தச் சண்டைகள் இன்னும் பலரை வடக்கே தள்ளின. அவர்கள் கூட்டமாகப் போனார்கள். வாங்குபவனும் விற்பவனும் சேர்ந்தே போனார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சலுகைக்கு 30 ஆண்டு என்று கெடு சொல்லப்பட்டிருந்தது. சேலையூரின் 18,000 ரூபாய் வாடகைக்கு ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு எழுதித் தருகிறார்கள் என்று நம் உறுப்பினரைக் கேட்டேன். பதினொரு மாதமாம்!

நம் காலத்திலேயே நடந்தது கொத்தவால்சாவடி. காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் அங்கிருந்து கோயம்பேட்டுக்குப் போனது. 295 ஏக்கர், 3,000-க்கு மேற்பட்ட கடைகள். போகமாட்டோம் என்று வருடக்கணக்கில் மறுத்தவர்களும் கடைசியில் போனார்கள். போனவர்கள் பிழைத்தார்கள், ஏனென்றால் எல்லாக் கடையும் அங்கே போய்விட்டதால் வாங்க வருகிற சில்லறைக்காரருக்கு வேறு போக்கிடம் இல்லை. 2020 மே மாதம் கொரோனா காரணமாகக் கோயம்பேட்டை மூடித் திருமழிசைக்கு அனுப்பியபோதும், செப்டம்பரில் திரும்பி வந்தபோதும் வாடிக்கை கூடவே நடந்தது. சந்தை மாறினால் வாடிக்கைக்காரர் சந்தையைத் தேடி வருவார். தெருமுனை மளிகைக்காரர் தனியாக மாறினால் வாடிக்கைக்காரர் எதிர்க்கடைக்குப் போவார். அதில் அவர்மேல் தப்பும் இல்லை. அரை கிலோ துவரம்பருப்புக்காக யாரும் சாந்தோமிலிருந்து சேலையூருக்கு வண்டி ஏறமாட்டார்கள்.

ஆகவே வாடகையைப் பார்க்குமுன் கடன் நோட்டைப் பாருங்கள் என்றேன். அடுத்த வாரம் கொண்டு வந்தார். 212 பேர் கணக்கு. மொத்தப் பாக்கி 1,86,000 ரூபாய். உட்கார்ந்து பிரித்தோம். பட்டினப்பாக்கம், ஃபோர்ஷோர் எஸ்டேட் வீடுகள், மாதம் ஒரு பட்டியல் கொடுத்து ஐந்தாம் தேதிக்குள் தீர்ப்பவர்கள். நொச்சிக்குப்பம், டுமிங்குப்பம் வீடுகள், தினமும் ஐம்பதுக்கும் நூறுக்கும் வாங்கி, கடலில் பாடு கிடைத்த நாளில் கட்டுபவர்கள். மூன்றாவது, விடுதி, மெஸ் போன்ற சில நிறுவனக் கணக்குகள். இந்த மூன்றாம் வகையில் ஒன்றிரண்டு பேர், தொலைவிலிருந்து வண்டியில் அனுப்பினாலும் வாங்கக்கூடும். மற்ற இரு வகையும் கடை நகர்ந்த அன்றே முடிந்தது. ஃபோனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கு அனுப்பலாமே என்று அவர் மகன் சொல்கிறார். 3,000 ரூபாய்ப் பட்டியலில் நமக்கு நிற்பது 300 ரூபாய். போக வர ஐம்பது கிலோமீட்டர் வண்டிச் செலவு, ஆள் கூலி எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வீடு ஒரே நாளில் சேர்ந்தாலன்றிக் கட்டாது.

குப்பத்துக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வராக்கடன் என்று சிலர் எழுதிவிடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்கள் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. கையில் காசு வரும் நேரத்தில் கண்முன் கடை இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடையைக் காலி செய்த பிறகும் இரண்டு மாதம் மாலை நேரத்தில் ஒருவர் அந்தத் தெருவில் இருந்தால் பெரும்பகுதி வந்து சேரும்.

இப்போது வாடகைக் கணக்குக்கு வருவோம். 45,000-க்கும் 18,000-க்கும் வித்தியாசம் மாதம் 27,000 ரூபாய். இது கண்ணைக் கவருகிறது. இவருக்கு நாள் விற்பனை 30,000. நூற்றுக்குப் பத்து என்று வைத்தால் மொத்த ஆதாயம் நாளுக்கு 3,000, மாதம் 90,000. புது இடத்தில் முதல் ஆண்டு நாள் விற்பனை 16,000 என்று கொள்வோம். ஆதாயம் மாதம் 48,000 ஆகிறது, 42,000 குறைகிறது. வாடகையில் மிச்சம் 27,000, ஆதாயத்தில் நட்டம் 42,000. ஆக மாதம் 15,000 கைநட்டம், ஆண்டுக்கு 1,80,000. அட்வான்ஸ், ரேக், போர்டு, ஏற்று இறக்குக் கூலி தனி. அங்கே விற்பனை 21,000-ஐத் தொட்டால் இரண்டும் சமம். அதற்கு மேலே போனால் மட்டுமே மாற்றம் லாபம். இந்த 21,000 என்ற எண்ணைத்தான் அவர் மனதில் வைக்க வேண்டும், 18,000-ஐ அல்ல. உங்கள் கடைக்கு இந்த எண் வேறாக இருக்கும். வாடகை மிச்சத்தை முப்பதால் வகுத்து, உங்கள் ஆதாய விகிதத்தால் வகுத்தால் வருவது, நீங்கள் தாங்கக்கூடிய நாள் விற்பனைக் குறைவு. இவருக்கு அது 9,000.

அடுத்தது கொள்முதல். காய்கறி போனாலும் மளிகை மொத்த வியாபாரம் பாரிமுனையை விட்டு முழுதாகப் போகவில்லை. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் இன்றும் மூட்டை இறங்குகிறது. சாந்தோமிலிருந்து போய் வருவது அரை நாள் வேலை. தாம்பரத்திலிருந்து ஒரு நாள் போய்விடும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் வாங்கலாம்தான், ஆனால் அங்கே உங்களை யாருக்குத் தெரியும்? பலரும் மறக்கிற செய்தி இது: சோப்பு, பற்பசை, பிஸ்கட் கம்பெனிகளுக்கு ஸ்டாக்கிஸ்ட் என்பவர் ஏரியாவுக்கு ஒருவர். நீங்கள் ஏரியா மாறினால் ஸ்டாக்கிஸ்ட் மாறுவார். இருபது ஆண்டாக உங்கள் பெயருக்குப் பத்து நாள் கடன் கொடுத்தவர் இங்கேயே இருப்பார். புதியவர் முதல் ஆறு மாதம் ரொக்கம் கேட்பார். அதாவது கொள்முதலுக்குப் பத்து நாள் சரக்கின் அளவு கூடுதல் முதல் வேண்டும். பழைய ஸ்டாக்கிஸ்டிடம் நிற்கும் டேமேஜ் கிளைம், ஸ்கீம் பாக்கி ஆகியவற்றைக் கிளம்புமுன் தீர்த்துக்கொள்ளுங்கள். போன பிறகு கேட்டால் "கம்பெனியிலிருந்து வரவில்லை" என்ற ஒரே பதில்தான்.

புது இடத்தை எப்படி எடை போடுவது? மைத்துனர் சொல்வதை வைத்து அல்ல. ஐந்தாம் தேதி ஒருநாள், இருபத்தைந்தாம் தேதி ஒருநாள், காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அந்தக் கடை வாசலில் நின்று எதிர்க்கடையில் நுழைபவர்களை எண்ணுங்கள். அவர்கள் பையில் என்ன எடுத்துப் போகிறார்கள் என்று பாருங்கள். பாலும் ரொட்டியும் மட்டும் என்றால் மாதச் சாமான் சூப்பர் மார்க்கெட்டிலிருந்தோ செல்போன் செயலி வழியாகவோ வருகிறது என்று பொருள். அந்த ஏரியா லைன் சேல்ஸ்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எந்தக் கடை எத்தனை ஆண்டில் மூடிற்று, யார் செக் திரும்பியது எல்லாம் அவருக்குத் தெரியும்.

தண்ணீரையும் விசாரியுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளே மூழ்கின. தரையில் அடுக்கிய அரிசி மூட்டைக்கு அரை அடித் தண்ணீர் போதும். கடற்கரையில் இருக்கும் நமக்கு 2004 சுனாமி நினைவிருக்கிறது. அங்கே ஏரிகளின் உபரிநீர் எந்த வழியாக ஓடும் என்பது உள்ளூர்ப் பழையவர்களுக்கே தெரியும்.

வீட்டுக்காரர் சொன்னவுடன் பதறவும் வேண்டாம். 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எழுத்தே இல்லாமல் வாய்மொழியில் ஓட்டிக்கொண்டிருந்த பழைய வாடகைதாரருக்கு இது பாதகம்தான். ஆனால் இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யச் சொல்பவரும் நீங்கள் சம்மதிக்காவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்த முடியாது. வழக்கை இழுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பாக்கி வசூலிக்கவும் இடம் பார்க்கவும் ஆறு மாதத் தவணையை எழுத்தில் கேட்டு வாங்க இது போதும்.

மாறுவதென்றே முடிவானால், தமிழ்நாட்டுக்குள் என்பதால் ஜி.எஸ்.டி. எண் மாறாது; முகவரி மாற்றத்தை 15 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் அந்தந்த இடத்துக்கானது. புது முகவரிக்குப் புதிதாக வாங்காமல் ஷட்டரைத் தூக்காதீர்கள். மாநகராட்சித் தொழில் உரிமமும் அப்படியே. சரக்கு ஏற்றும் நாளில் டெலிவரி சலான் கையில் இருக்கட்டும். இ-வே பில் தேவையா என்று கணக்கரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

நம் உறுப்பினர் வீட்டுக்காரரிடம் ஆறு மாதத் தவணையை எழுதி வாங்கிவிட்டார். சேலையூர்க் கடைக்காரரிடம் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் கேட்டிருக்கிறார், பதில் வரவில்லை. ஐந்தாம் தேதி அங்கே போய் நின்றதில் காலையில் 61 பேரும் மாலையில் 94 பேரும் எதிர்க்கடைக்குள் போனார்களாம். இருபத்தைந்தாம் தேதிக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போகிறார்.