முதலில் போய்ப் பார்த்து வருபவர்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளின் இளைஞர் குழுக்கள் ஓரிடத்தில் கூடி, 5 முதல் 21 நாள் வரை சேர்ந்து வாழ்ந்து, ஏதேனும் ஒரு பொருளைப் பற்றிப் பேசியும் செய்தும் கற்பதை ஐரோப்பாவில் இளையோர் பரிமாற்றம் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் இதற்குப் பணம் தருகிறது. 13 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். வெளியே தெரிவது அந்தச் சில நாள் கூடுகை மட்டுமே. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஓரிருவர் கூடுகை நடக்கப்போகும் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதுண்டு. இது முன்தயாரிப்புப் பயணம். சிறிய அமைப்புகளில் இந்த வேலை பெரும்பாலும் அங்கே நீண்ட நாள் தங்கியிருக்கும் தன்னார்வலரின் கைக்கு வந்து சேரும். போர்ச்சுகலிலிருந்து வந்து போலந்தின் சிற்றூர் ஒன்றில் ஓராண்டு பணிசெய்யும் இருபது வயதுப் பெண், கூட்டாளி அமைப்பைப் பார்க்க ஜார்ஜியாவுக்குப் புறப்படுவது இந்தத் துறையில் அன்றாடக் காட்சி.

இந்தப் பயணம் வழக்கமாக இரண்டு நாள்தான். அதற்குள் பார்க்க வேண்டியவை ஏராளம். அறைகள் எத்தனை, ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிக் குளியலறை உண்டா, சக்கர நாற்காலியில் வருபவர் மாடிக்குப் போக முடியுமா, மழை பிடித்துக்கொண்டால் முப்பது பேர் உட்காரக் கூடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். பன்றி இறைச்சி தொடாதவர்கள், சைவர்கள், கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் வருவார்கள் என்பதைச் சமையல்காரரிடம் நேரில் சொல்ல வேண்டும். நள்ளிரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த மருத்துவமனை, யார் வண்டி எடுப்பார்கள் என்பதும் அங்கேயே முடிவாக வேண்டும். பயணப்படியும் சிக்கலானது. டிக்கெட் விலையைப் பார்த்து அது தரப்படுவதில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள நேர்கோட்டுத் தூரத்தை 100 முதல் 499, 500 முதல் 1999 கிலோமீட்டர் என்று அடுக்குகளாகப் பிரித்து அடுக்குக்கு ஒரு தொகை தருகிறார்கள். வரைபடத்தில் பக்கத்தில் இருக்கும் மலைக்கிராமத்துக்கு மூன்று பேருந்து மாற வேண்டியிருக்கலாம். கடைசிப் பேருந்து மாலை ஐந்து மணிக்கே போய்விடலாம். ஒருமுறை அந்த வழியில் போய்வந்தவருக்குத்தான் இது தெரியும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பாடம் மேசையைச் சுற்றி நடக்கும் பேச்சில் இருக்கிறது. ஒரு நாட்டுப் பொறுப்பாளர் காலை எட்டு மணி முதல் இரவு பத்து மணி வரை நிரலை நிரப்பப் பார்ப்பார். இன்னொருவர் மதியத்துக்குப் பின் பிள்ளைகளைச் சும்மா விடச் சொல்வார். ஒரு நாட்டில் பதினெட்டு வயதுப் பையன் பீர் குடிப்பது சாதாரணம், இன்னொரு நாட்டுப் பெற்றோருக்கு அது பேரிடி. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு விதியை அந்த இரண்டு நாளில் எழுதி முடிக்காவிட்டால், கூடுகையின் மூன்றாம் இரவில் அது சண்டையாகத் திரும்பும். இருபது வயதில் இப்படி ஒரு மேசையில் பொறுப்போடு உட்காரும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்கான வழிகளை ஒப்பிடும்போது, எந்த வழி இந்த மேசை வரை கொண்டுபோய் விடும் என்பதையே முதல் அளவுகோலாக வைக்கலாம்.

பரிமாற்றத்தில் வெறும் பங்கேற்பாளராகப் போவது எல்லோருக்கும் தெரிந்த வழி. செலவு ஏறக்குறைய இல்லை, முடிவில் கற்றதைப் பதிவுசெய்யும் யூத்பாஸ் சான்றிதழ் உண்டு. முதல் அடிக்கு இது போதும். ஐந்தாறு பரிமாற்றங்களுக்கு அடுத்தடுத்துப் போய்வந்தும் ஒன்றைக்கூட நடத்திப் பார்க்காத இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு குழுத் தலைவராகப் போவதே நல்லது. பிரான்சும் ஜெர்மனியும் 1963இல் தங்களுக்குள் செய்துகொண்ட எலிசே நட்பு ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக ஏற்படுத்திய இளையோர் அலுவலகமும், அதைப் பார்த்து 1991இல் வந்த போலந்து–ஜெர்மன் அலுவலகமும் இதே போன்ற கூடுகைகளுக்கு உதவுகின்றன.

பணிமுகாம் இன்னும் பழைய வழி. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரசோல் 1920இல் பிரான்சின் வெர்டன் அருகே, முதல் உலகப் போரில் அழிந்த எஸ்ன் என்ற கிராமத்தை மீண்டும் கட்ட ஒரு சிறு குழுவை அழைத்துப் போனார். குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். நேற்றுவரை பகைவராக இருந்தவர்களை ஏற்பது அந்தப் பகுதிக்கு எளிதாக இல்லை. வேலை சில மாதங்களில் நின்றது. ஆனால் அந்த முயற்சியிலிருந்துதான் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற இயக்கம் வளர்ந்தது. 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு செரசோல் அங்கேயும் வந்து வீடு கட்டும் வேலையில் இறங்கினார். இன்றைய முகாம்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் நடக்கும். பயணச் செலவு சொந்தக் கையிலிருந்து போகும். தங்க இடமும் உணவும் உள்ளூர் அமைப்பு தரும். உடலுழைப்பில் விருப்பமுள்ளவருக்கு இதைவிட நேர்மையான தொடக்கம் இல்லை.

நீண்டகால வழிகளில் முதன்மையானது ஐரோப்பிய ஒன்றியத்தின் சாலிடாரிட்டி கோர். 1996இல் ஐரோப்பியத் தன்னார்வச் சேவையாகத் தொடங்கியதன் இன்றைய வடிவம் இது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் 2 முதல் 12 மாதம் வரை தனியாகப் போய்ப் பணிசெய்யலாம். தங்குமிடம், உணவு, பயணம், காப்பீடு, கைச்செலவு எல்லாம் திட்டத்தின் பொறுப்பு. சம்பள ஆள் செய்ய வேண்டிய வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டக்கூடாது என்பது விதி. குறைகளும் உண்டு. சில அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டுவதும் படம் எடுப்பதும் தவிர வேறு வேலை கிடைக்காது. இரண்டாம் மூன்றாம் மாதத்தில், அதுவும் குளிர்காலமாக இருந்தால், தனிமை வாட்டும். தலைநகரைத் தேடிப்போகும் இளைஞர் பலருக்கு அங்கே நண்பர் வட்டம் கிடைக்கும். பொறுப்பு கிடைப்பது அரிது. மூன்று பேர் மட்டும் வேலைசெய்யும் சிற்றூர் அமைப்பில் நான்காவது ஆளாகப் போகிறவரைத்தான் முன்தயாரிப்புப் பயணத்துக்கு அனுப்புவார்கள். பாரிசா, பெர்லினா என்று தயங்குபவர் பெயர் கேட்டிராத ஊரைத் தேர்ந்தெடுப்பது மேல். ஜெர்மனி 2008இல் தொடங்கிய வெல்ட்வெர்ட்ஸ் திட்டமும் இந்த வகையே. அதில் வரும் இளைஞர்களை ஆரோவில்லில் பார்க்கலாம்.

இனி, தகுதிக்கு மீறிப் பெயர் வாங்கிய ஒரு வழி: காசு கட்டிப் போகும் இரண்டு வாரத் தன்னார்வச் சுற்றுலா. பள்ளி முடிக்கும் பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி சேர வேண்டும் என்று பெற்றோரே தேடிப்பிடித்துப் பணம் கட்டுவது இதற்குத்தான். கூடப் படிக்கும் நண்பர் போய்வந்த படங்களைப் பார்த்துக் கிளம்புவதும் இதற்குத்தான். விளம்பரத்தில் மாற்றம், சேவை போன்ற சொற்கள் இருக்கும். ரசீதில் விமான நிலைய வரவேற்பு, தங்கும் விடுதி, வார இறுதிச் சுற்றுலா இருக்கும். பணம் போகும் திசையைப் பார்த்தாலே இதன் தன்மை விளங்கும். சாலிடாரிட்டி கோரில் அமைப்பு தன்னார்வலரைத் தேர்ந்தெடுக்கிறது, தகுதியில்லை என்றால் மறுக்கிறது. காசு கட்டும் பயணத்தில் தன்னார்வலரே வாடிக்கையாளர். வாடிக்கையாளரை யாரும் மறுப்பதில்லை. மொழி தெரியாத, கொத்து வேலை தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளைகள் எழுப்பிய சுவரை உள்ளூர்க் கொத்தனார் மறுபடி இடித்துக் கட்ட நேர்வது இப்படித்தான். அந்த வேலையை முதலிலேயே அவரிடம் கொடுத்திருந்தால் அவருடைய குடும்பத்துக்குக் கூலி போய்ச் சேர்ந்திருக்கும்.

குழந்தைகள் காப்பகம் என்று வரும்போது தீங்கு இன்னும் ஆழமாகிறது. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே காப்பகங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். படிப்பும் சோறும் கிடைக்கும் என்று சொல்லி ஏழைக் குடும்பங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட பிள்ளைகள் அவர்கள். பார்க்க வருவோரின் பணம் காப்பகங்களை வளர்த்தது. காப்பகங்கள் பிள்ளைகளைத் தேடின. நேபாளத்திலும் காப்பகங்கள் சுற்றுலாப் பயணிகள் வரும் மாவட்டங்களிலேயே குவிந்தன. ஒரே முகத்தின் அன்பு தொடர்ந்து கிடைக்காத குழந்தைக்கு நேரும் பாதிப்பை பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951இலேயே உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில் விளக்கிவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு புது அக்கா வந்து மடியில் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனால், குழந்தை ஒவ்வொரு முறையும் ஒரு பிரிவைத் தாங்குகிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் குழந்தை உரிமைத் தீர்மானத்தில் இத்தகைய காப்பகச் சுற்றுலாவைத் தடுக்க நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இதைத் தெரிந்த பிறகும் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பணத்தை மட்டும் வீணாக்கவில்லை.

ஓர் அமைப்பு எந்த வகை என்று தெரியாவிட்டால் சில கேள்விகளில் தெளிவாகும். இந்த வேலையைக் கேட்டது யார், அந்த ஊரா, இடையிலுள்ள நிறுவனமா? வருபவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யாரையாவது மறுத்ததுண்டா? குழு கிளம்பும் முன் யாராவது போய்ப் பார்த்து வந்தார்களா? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்துக்குப் போக வேண்டாம்.

இதற்கு அப்பால் மிஞ்சுவது அவரவர் இயல்பு. எல்லோருக்கும் பேச்சு வராது. எல்லோரும் முப்பது பேரை விளையாட வைக்கப் பிறந்தவர்கள் இல்லை. கணக்கில் கருத்துள்ள, அதிகம் பேசாத பிள்ளைகள்தான் பல பரிமாற்றங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள்: வரவு செலவு அவர்கள் கையில் இருந்தது, மருந்துப் பெட்டி அவர்கள் பையில் இருந்தது. கூச்ச சுபாவம் என்று சொல்லிப் பின்வாங்கத் தேவையில்லை. சமைக்கத் தெரிந்தவர், மிதிவண்டி பழுது பார்க்கத் தெரிந்தவர், இரண்டு மொழிக்கு நடுவே நின்று பொறுமையாக விளக்கத் தெரிந்தவர் ஒவ்வொருவருக்கும் இதில் இடமுண்டு. பொறுமை மட்டும் எல்லோருக்கும் வேண்டும். பரிமாற்றம் நடத்தப் பணம் கேட்டு அமைப்புகள் போடும் விண்ணப்பங்களுக்கு வழக்கமாகப் பிப்ரவரியிலும் அக்டோபரிலும் கெடு வைக்கிறார்கள். யோசனை தோன்றிய நாளிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கும் நாள் வரை ஏறத்தாழ ஓராண்டு ஆகும். முதல் விண்ணப்பம் தள்ளுபடியாவதும் சாதாரணம்.

பரிமாற்றத்தில் யார் சேரலாம் என்ற தகுதி விதிகள் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைப் பார்க்கின்றன. ஜெர்மனியிலோ பிரான்சிலோ சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடியுரிமையுள்ள தமிழ்ப் பிள்ளைகளும் இளையோர் பரிமாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். வேறு நாட்டுக்கு விசா தேவையா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். பிரிட்டன் 2020ஆம் ஆண்டோடு எராஸ்மஸ் பிளஸ் திட்டத்திலிருந்து விலகியது. ஒன்றியத்தின் அண்டை நாடுகளான ஜார்ஜியா, மால்டோவா, துனிசியா போன்றவற்றின் குழுக்கள் பரிமாற்றத்தில் சேரலாம். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. சாலிடாரிட்டி கோரில் சேர 17 வயதிலேயே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம், பணி தொடங்கும்போது 18 நிரம்பியிருக்க வேண்டும்.