மணலில் விட்டது கிணற்றில் வரும்

நிலத்தில் இடும் உரமும், பயிரில் தெளிக்கும் மருந்தும், வீட்டுக் கழிவு நீரும் மண்ணுக்குள் இறங்கியபின் என்ன ஆகின்றன? "மண் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும்" என்பதே நம் விவசாயிகள் பலரின் எண்ணம். களிமண் நிலத்தில் இது ஓரளவு உண்மை. கோவளம், திருவிடந்தை, நெம்மேலி வழியாக மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரை மணல் நிலத்துக்கு இது பொருந்தாது. இங்கு சவுக்குக் கன்றுக்கும் கத்தரிப் பாத்திக்கும் இறைக்கும் நீரும், வீட்டில் குடிக்கும் நீரும் ஒரே மணற்படுகையிலிருந்தே வருகின்றன. ஆகவே மாசு எந்த வழியாக நகர்கிறது என்பதை இப்பகுதி விவசாயிகள் தெரிந்துகொள்வது மிக அவசியம்.

மணலின் இயல்பு

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. அவை சத்துக்களைத் தம்மோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். மணலுக்கு இந்தப் பிடிப்புச் சக்தி மிகக் குறைவு. துகள்களுக்கிடையே உள்ள இடைவெளியும் பெரிது. 25 மில்லி மீட்டர் மழை பெய்தால் களிமண்ணில் ஈரம் சுமார் அரை அடி இறங்கும். மணலில் அதே மழை ஒரு அடி வரை இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் வேரைத் தாண்டி நிலத்தடி நீரோடு கலந்துவிடுகிறது. அந்த நீரில் கரைந்திருப்பதும் கூடவே போகிறது.

மூன்று வழிகள்

மாசுப் பொருள்கள் நகரும் வழிகள் மூன்று.

முதலாவது, நீரோடு போவது. உப்பும், தழைச்சத்தின் நைட்ரேட் வடிவமும் இவ்வகை. மண் இவற்றைப் பிடித்து வைப்பதில்லை.

இரண்டாவது, மண்ணோடு போவது. மணிச்சத்தும் சில பூச்சி மருந்துகளும் மண் துகளில் ஒட்டிக்கொள்ளும். மழையில் மேல்மண் அரித்துச் செல்லும்போது இவை ஏரிக்கும் கால்வாய்க்கும் போய்ச் சேரும்.

மூன்றாவது, உயிரோடு போவது. கொழுப்பில் கரையும் மருந்துகள் புழு, மீன், பறவை என்று ஒன்றை ஒன்று தின்னும் வரிசையில் மேலே ஏறிக்கொண்டே போகும்.

எந்தப் பொருள் எந்த வழியில் போகும் என்று தெரிந்தால் அதை எங்கே தடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

அரை மூட்டை யூரியாவின் கணக்கு

யூரியா மண்ணில் விழுந்ததும் கரைகிறது. ஓரிரு வாரங்களில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. பயிர் எடுத்தது போக மிச்சம் அடுத்த மழையில் கீழே இறங்குகிறது.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். 45 கிலோ மூட்டையில் பாதி யூரியாவில் சுமார் 10 கிலோ தழைச்சத்து உள்ளது. இந்த 10 கிலோவும் பயிருக்குக் கிடைக்காமல் கீழே இறங்கினால் சுமார் 44 கிலோ நைட்ரேட் ஆகும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது இந்திய தர நிர்ணயம். நைட்ரேட்டே இல்லாத சுமார் 10 லட்சம் லிட்டர் நல்ல நீரை இந்த எல்லைக்குக் கொண்டுவர அந்த 44 கிலோ போதும். 10 லட்சம் லிட்டர் என்பது ஒரு ஏக்கரில் முக்கால் அடிக்கு மேல் நிற்கும் நீராகும்.

இதனால் பெரும் ஆபத்து கைக்குழந்தைகளுக்கே. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் பிராண வாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். உயிருக்கே ஆபத்து நேரலாம். நீரைக் காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அதன் அளவு கூடவே செய்யும். கிணற்றருகே உள்ள எருக்குழியும் கழிவறைக் குழியும் இதே நைட்ரேட்டைக் கிணற்றில் சேர்க்கும்.

அடியிலிருந்து வரும் உப்பு

திருவிடந்தைப் பகுதியின் மணல் மேட்டுக்குக் கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயின் உப்பு நீர். நடுவில் மழையால் சேர்ந்த நல்ல நீர், அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதக்கிறது. கடல் நீர் நல்ல நீரைவிடச் சற்றுக் கனமானது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல நீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி நல்ல நீர் இருக்கும் என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட விதி. இதன் மறுபக்கத்தையே நாம் கவனிக்க வேண்டும். ஓயாமல் இறைத்து நீர்மட்டத்தை ஒரு அடி தாழ்த்தினால், நாளடைவில் உப்பு நீர் 40 அடி வரை மேலேறக் கூடும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் பாசனத்துக்கும், தொழிற்சாலைகளுக்கும், நகரக் குடிநீருக்கும் அளவு மீறி நீர் எடுக்கப்பட்டது. 1969-ல் சுமார் 3 கிலோ மீட்டர் உள்ளே வந்திருந்த கடல் நீர், 1983-ல் சுமார் 7 கிலோ மீட்டரும், 1987-ல் சுமார் 9 கிலோ மீட்டரும் வந்துவிட்டது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதை முறைப்படுத்தும் சட்டம் 1987-ல் இயற்றப்பட்டது. ஒரு முறை உப்பேறிய படுகை மீள எத்தனையோ மழைக்காலங்கள் ஆகும்.

கடல் நீர் கொஞ்சம் கலந்தாலும் கெடுதல் அதிகம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. 100 குடம் நல்ல நீரில் 2 குடம் கடல் நீர் கலந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 700 மில்லி கிராம் உப்பு கூடிவிடும். நாக்குக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். வேர்க்கடலை, அவரை போன்ற பயிர்களில் இலை நுனி கருகுவது முதல் அடையாளம்.

மேலிருந்து வந்த உப்பு

2004 டிசம்பர் 26-ல் சுனாமி அலை நம் கடற்கரை வயல்களிலும் கிணறுகளிலும் உப்பு நீரை நிரப்பியது. மணல் நிலங்களில் அடுத்த பருவமழை உப்பைக் கழுவி இறக்கியது. களிமண் நிலங்கள் சீராகக் கூடுதல் காலம் ஆயிற்று. வயலை விட்டுப் போன உப்பு மறைந்துவிடவில்லை. அது நிலத்தடி நீரில் இறங்கி, பிறகே மெல்ல மெல்லக் கடலுக்கு வடிந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் கிணறுகளைச் சுத்தப்படுத்த மீண்டும் மீண்டும் இறைத்தபோது, அடியிலுள்ள உப்பு நீர் மேலேறும் என்று நிபுணர்கள் எச்சரித்தார்கள். கிணற்றை நன்னீராக்கியது மழையே.

ஏரியிலும் உப்பங்கழியிலும்

வயல் மண்ணோடு வரும் மணிச்சத்து ஏரியில் பாசியைப் பெருக்குகிறது. பாசி இரவில் பிராண வாயுவை உட்கொள்ளும். மடிந்து அழுகும்போது மேலும் வாயு செலவாகும். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளப்பது இதனால்தான்.

மேற்கு வயல்களின் வடிநீர் பக்கிங்காம் கால்வாயிலும், முட்டுக்காடு உப்பங்கழியிலும் சேருகிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் வளர்வது இத்தகைய கழிகளில்தான். இறாலும் நண்டும் பூச்சிகளுக்கு உறவு முறை. எனவே பூச்சியைக் கொல்லும் மருந்து, குறிப்பாக சைபர்மெத்ரின் போன்றவை, மிகக் குறைந்த அளவிலும் அவற்றைக் கொல்லும். வயலில் செய்யும் கவனக்குறைவால் மீனவர் வலையில் இறால் குறையும்.

டி.டி.டி. மருந்து உயிரோடு ஏறுவதை அமெரிக்காவின் ஒரு கழிமுகத்தில் 1960-களில் அளந்தார்கள். 10 லட்சம் பங்கில், நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் 0.04, சிறு மீனில் 0.5, பெரிய மீனில் 2, மீன் தின்னும் பறவையில் 25 பங்கு வரை இருந்தது. நம் நாட்டில் விவசாயத்தில் இதன் உபயோகம் 1989-ல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது.

செய்ய வேண்டியவை

1. மணல் நிலத்தில் யூரியாவை ஒரே தடவையில் இடாமல், சிபாரிசு அளவை 3 அல்லது 4 தடவையாகப் பிரித்து இடவும். மழை மேகம் கூடியிருக்கும்போது இடக்கூடாது.

2. ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் அல்லது மக்கிய தென்னை நார்க் கழிவு இடவும். மணலுக்குப் பிடிப்புச் சக்தி தருவது இதுவே.

3. நீர் உப்பானால் ஆழ்குழாயை இன்னும் ஆழப்படுத்த வேண்டாம். உப்பை நெருங்குவதாகவே முடியும். ஆழமில்லாத கிணறுகளில், சிறிய மோட்டார் கொண்டு, விட்டுவிட்டு இறைக்கவும். சொட்டு நீர்ப் பாசனம் இதற்கு ஏற்றது.

4. மணல் மேட்டைத் தோண்டி விற்க வேண்டாம். மழை நீரைத் தாங்கி நிற்கும் இயற்கைத் தொட்டி அதுதான். கூரை நீரையும் வயல் நீரையும் குளம், குட்டைகளில் இறங்கச் செய்யவும்.

5. எருக்குழியும் கழிவறைக் குழியும் குடிநீர்க் கிணற்றுக்குக் குறைந்தது 50 அடி தள்ளி, தாழ்ந்த பக்கத்தில் இருக்கட்டும்.

6. மருந்து டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்குத் தெளித்துவிடவும். தெளிப்பானை ஏரி, கால்வாயில் கழுவக்கூடாது. வரப்போரம் ஒரு முழ அகலத்துக்குப் புல் விட்டுவைத்தால் மண் அரிப்பு குறையும்.

7. கடல் உப்பு ஏறிய மணல் நிலத்துக்கு ஜிப்சம் மட்டும் இடுவதால் உப்பு போகாது. நல்ல நீர் தேக்கி வடிப்பதே வழி. ஜிப்சம் களர் நிலத்துக்கு உரியது.

நீர் மாதிரி எடுக்கும் முறை

வைகாசியில் ஒரு முறையும், மழை ஓய்ந்தபின் தை மாதத்தில் ஒரு முறையும் கிணற்று நீரைச் சோதிக்கவும். மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, அந்த நீரிலேயே பிளாஸ்டிக் பாட்டிலை மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடிக்கவும். பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், தேதி எழுதி அன்றைக்கே பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும். மின் கடத்தும் திறன் 0.75 வரை இருந்தால் நல்ல நீர், 2.25-க்கு மேல் போனால் உப்பைத் தாங்கும் பயிர்களுக்கே உதவும். குடிக்கும் கிணறானால் நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். திருப்போரூர் வட்டார வேளாண்மை அலுவலர்களும், காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தாரும் ஆலோசனை கூறுவார்கள்.

இரண்டு சோதனை முடிவுகளையும் ஆண்டுதோறும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். உப்பு திடீரென்று வருவதில்லை. எண்கள் சிறிது சிறிதாக ஏறும்போதே இறைப்பைக் குறைத்தால் கிணற்றைக் காப்பாற்றலாம். பக்கத்துக் கிணற்றுக்காரரும் அதே படுகையில்தான் இறைக்கிறார். ஆகவே அவரையும் சேர்த்துக்கொண்டு முடிவு செய்தால்தான் பலன் கிட்டும்.