கிணறும் செப்ரிக் தொட்டியும்: வீடு வாங்குமுன் மண்ணைப் பாருங்கள்



சில வருடங்களுக்கு முன் நான்கு மாதக் குழந்தையொன்றைத் தடுப்பூசிக்காக அம்மாவும் அம்மம்மாவும் கொண்டுவந்திருந்தார்கள். குழந்தைக்குப் புட்டிப்பால். என்ன தண்ணீரில் கரைக்கிறீர்கள் என்று கேட்டேன். "கிணத்துத் தண்ணிதான் டொக்டர். ஆனா இருபது நிமிசம் நல்லாக் கொதிக்க வைச்சு, ஆற விட்டுத்தான் குடுக்கிறனான்" என்றார் அம்மம்மா, பெருமையோடு. அந்தக் குடும்பம் ஸ்காபரோவை விட்டு, நகருக்கு வெளியே ஓர் ஏக்கர் காணியுடன் வீடு வாங்கிப் போயிருந்தது. அங்கே நகரசபைத் தண்ணீரும் இல்லை, கழிவுநீர்க் குழாயும் இல்லை. தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னேன். நைத்திரேற்றின் அளவு, லீற்றருக்கு 10 மில்லிகிராம் (நைதரசனாகக் கணக்கிட்டு) என்ற ஒன்ராறியோவின் எல்லையைத் தாண்டியிருந்தது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக அது இன்னும் செறிவாகும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடலில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் காவ முடியாததாக்கிவிடலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். உயிருக்கே ஆபத்தாகலாம். நல்லவேளையாக இந்தக் குழந்தைக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. உடனே போத்தல் தண்ணீருக்கு மாற்றினோம். ஆனால் நைத்திரேற்று எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் நான் மண்ணைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. மருத்துவக் கல்லூரியில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

செப்ரிக் தொட்டி கழிவுநீரைச் சுத்தமாக்கிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது பிழை. தொட்டியில் கனமானது அடியில் தங்கும், எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கும், நடுவிலுள்ள நீர் கிருமிகளோடேயே வெளியே போகும். துளையுள்ள குழாய்கள் வழியாக அது நிலத்துக்குள் ஊறும் இடத்தை இங்கே 'லீச்சிங் பெட்' என்பார்கள். நாம் படுக்கை என்று வைத்துக்கொள்வோம். உண்மையான சுத்திகரிப்பு அந்தப் படுக்கைக்குக் கீழேயுள்ள மண்ணில்தான் நடக்கிறது. மண்ணில் காற்று இருக்க வேண்டும், நீர் மெல்ல இறங்க வேண்டும். அப்போது பக்டீரியா வடிபடும். வைரசு மண் துணிக்கைகளில் ஒட்டி நாளடைவில் செயலிழக்கும். பரல் மண்ணில் நீர் வடிபடாமல் ஓடிவிடும். களிமண்ணில் தேங்கிப் புல்வெளிக்கு மேலே வரும்; பிள்ளைகள் விளையாடுவது அங்கேதான். நைத்திரேற்றையோ நல்ல மண்ணும் தடுப்பதில்லை. காற்றோட்டமுள்ள மண்ணில்தான் கழிவின் அமோனியா நைத்திரேற்றாகவே மாறுகிறது. ஆகையால் தூரமும் வேண்டும்.

ஒன்ராறியோ கட்டட விதிகளின்படி படுக்கையின் குழாய், 6 மீற்றர் ஆழம்வரை நீர் புகாத உறை போட்ட துளைக்கிணற்றிலிருந்து 15 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும். வெட்டுக் கிணறு போன்ற மற்றவற்றுக்கு 30 மீற்றர். குழாய் பதிக்கும் அகழியின் அடிக்கும், கீழேயுள்ள பாறைக்கோ நிலநீர் ஏறும் மட்டத்துக்கோ இடையில் 90 சென்ரிமீற்றர் மண் இருக்க வேண்டும். நீர் ஒரு சென்ரிமீற்றர் இறங்க எடுக்கும் நிமிடங்களே மண்ணின் 'ரீ' அளவு. அது 1க்கும் 50க்கும் இடையில் இருந்தால்தான் சாதாரண அகழிப் படுக்கை போடலாம். நாள் ஒன்றுக்கான கழிவுநீர் லீற்றரை 'ரீ'யால் பெருக்கி 200ஆல் வகுத்தால் குழாயின் நீளம் மீற்றரில் வரும். நான்கு படுக்கையறை வீட்டுக்கு விதி 2000 லீற்றர். 'ரீ' 10 என்றால் 100 மீற்றர் குழாய், 30 என்றால் 300 மீற்றர். நிலக்கீழ் அறையில் இன்னுமிரண்டு படுக்கையறை போட்டு வாடகைக்கு விட நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.

காணியைப் பார்க்கப் போகுமுன் மண் வரைபடத்தைப் பார்க்கலாம். ஒன்ராறியோ மாவட்டங்களின் மண் வரைபடங்கள் மாகாண அரசின் வேளாண் வரைபடத் தளத்தில் இருக்கின்றன. மண்ணின் பெயரையும் அது நீர் வடிக்கும் தரத்தையும் அவை சொல்லும். 'ஃபார்மிங்டன்' என்றிருந்தால் சுண்ணாம்புப் பாறைக்கு மேல் மெல்லிய மண் என்று பொருள். ஆனால் வரைபடம் விவசாயத்துக்காக வரையப்பட்டது. 1:50,000 அளவில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 50 மீற்றர். உங்கள் காணி ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். எங்கே கவனமாயிருக்க வேண்டும் என்று மட்டும் அது சொல்லும். தீர்ப்புச் சொல்வது குழிதான்.

படுக்கை வரும் இடத்தில் இயந்திரத்தால் இரண்டு மூன்று குழிகள் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குழிச் சுவரில் சாம்பல் நிறமும் துருப்பிடித்த செம்மஞ்சள் நிறமும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தால், வருடத்தில் சில மாதம் அந்த மட்டம்வரை நீர் நிற்கிறது என்று அர்த்தம். ஆவணியில் தோண்டினால் குழி காய்ந்திருக்கும், நிறம் மட்டும் பொய் சொல்லாது. வீடு பார்ப்பதையும் முடிந்தால் பனி உருகும் ஏப்ரலில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு விற்பவர்கள் ஏன் கோடையை விரும்புகிறார்கள் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது!

மெல்லிய மண்ணும் கீழே வெடிப்புள்ள பாறையும் என்ன செய்யும் என்பதை ஒன்ராறியோ 2000 மே மாதத்தில் வோக்கர்ரன் நகரில் கண்டது. அங்கே வந்தது மாட்டெரு, செப்ரிக் அல்ல. குளோரின் போடுவதிலும் தவறு நடந்தது. ஆனாலும் ஈ. கோலை ஆழமற்ற கிணற்றுக்குள் இறங்கியது அந்த வழியால்தான். ஏழு பேர் இறந்தார்கள், 2300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணறும் மலசலக்குழியும் ஒரே வளவில் இருந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கும் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதற்கு உரத்தோடு மலக்குழிகளையும் ஆய்வாளர்கள் காரணம் காட்டுகிறார்கள்.

அம்மம்மா வீட்டில் குழி தோண்டியபோது முக்கால் மீற்றரில் பாறை தட்டியது. பழைய படுக்கை கிணற்றுக்கு மேட்டுப்புறமாக இருந்தது. இப்போது மணல் கொண்டுவந்து உயர்த்திய புதுப் படுக்கையை மறுபக்கத்தில் போட்டு, ஆழமாக உறையிட்ட துளைக்கிணறும் அடித்திருக்கிறார்கள். செலவு வீட்டுக் கடனோடு சேர்ந்துவிட்டது.

உங்களுடையது ஏற்கெனவே கிணற்று வீடென்றால், செப்ரிக் அனுமதிப் பத்திரத்தின் பிரதியை நகரசபையின் கட்டடப் பகுதியில் கேளுங்கள். சில ஊர்களில் சுகாதாரப் பகுதியில் இருக்கும். கிருமிப் பரிசோதனைக்கான போத்தல் பொதுச் சுகாதார அலுவலகத்தில் கிடைக்கும். அந்தப் பரிசோதனையில் நைத்திரேற்று சேராது. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீட்டில் அதைத் தனியார் ஆய்வுகூடத்தில் தனியாகக் கேட்டுச் செய்விக்க வேண்டும்.