டப்பாவாலாக்களிடம் கற்க வேண்டியது எது?

மும்பையில் நிர்வாகப் பயிற்சி என்றாலே, வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் வாங்கி அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் தொழிலை 1890-இல் தொடங்கிய டப்பாவாலாக்களின் பேச்சு வந்துவிடும். வரட்டும். ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லியே தாராவிப் பட்டறையிலும் செம்பூர் அலுவலகத்திலும் ஆட்களைப் பிழிவதுதான் வேதனை.

நம்பிக்கை: ஃபோர்ப்ஸ் இதழ் அவர்களுக்கு, தவறே அநேகமாக நடக்காத தரத்தைக் குறிக்கும் ‘சிக்ஸ் சிக்மா’ சான்றிதழ் கொடுத்தது.

உண்மை: கொடுக்கவில்லை. 1998-இல் அந்த இதழில் ஒரு கட்டுரை வந்தது. பல லட்சம் டப்பாவுக்கு ஒரு தவறு என்பது டப்பாவாலா சங்கத் தலைவர் சொன்னதை வைத்துக் கட்டுரையாளர் போட்ட கணக்கு. சிக்ஸ் சிக்மா என்று தான் எழுதவே இல்லை என்று கட்டுரையாளரே பிறகு விளக்கிவிட்டார். இந்தக் கணக்கைக் காட்டி ஊழியரைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

நம்பிக்கை: லீவே போடாமல் உழைப்பதால்தான் அவர்கள் வேலை தடைபடுவதில்லை.

உண்மை: ஒரு குழுவில் சுமார் 25 பேர். அதில் இரண்டு மூன்று பேர் கூடுதல் ஆட்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அவர் பார்க்கும் வீடுகளைக் கூடுதல் ஆள் பார்த்துக்கொள்வார். வீட்டில் வாங்குவது, பிரிப்பது, கொண்டுசேர்ப்பது என எல்லா வேலையும் எல்லோருக்கும் பழக்கம். ஆண்டுதோறும் ஊர்த் திருவிழாவுக்காக வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மொத்தமாக லீவு எடுத்து ஊருக்கும் போகிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, தாராவியின் சிறிய தோல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர் ஒருவர்தான் இருப்பார். அவர் திருநெல்வேலிக்குப் போய்விட்டால் தையல் மெஷின்கள் சும்மா கிடக்கும். “கூடுதல் ஆளுக்குச் சம்பளத்துக்கு எங்கே போவது?” என்பார் முதலாளி. அவர் கஷ்டம் புரிகிறது. ஆனால் ஆர்டர் குறைந்த நாட்களில் ஒரு தையல்காரருக்குக் கட்டிங் கற்றுக்கொடுக்கப் புது ஆள் தேவையில்லையே!

நம்பிக்கை: எதையும் விவரமாக எழுதிவைத்தால்தான் தவறு நடக்காது.

உண்மை: டப்பா மூடியில் முழு முகவரி இருக்காது. நடுவில் பெரிதாக ஓர் எண், இறக்க வேண்டிய பகுதிக்கு. ஓரத்தில் கொண்டுசேர்ப்பவரின் எண், கட்டடத்தின் எழுத்து, மாடி. குறியின் நிறமும் வடிவமும் கிளம்பிய ஸ்டேஷனைச் சொல்லிவிடும். லோக்கல் ட்ரெயின் சில ஸ்டேஷன்களில் 20 விநாடிதான் நிற்கும். நீளமாக எழுதினால் யார் படிப்பது? மாட்டுங்காவில் வீட்டிலிருந்தே சிறுதொழில் செய்பவருக்கும் இது பொருந்தும். அடுத்த வேலை என்ன, யார் செய்வது, எப்போதைக்குள் – இந்த மூன்றும் ஒரு வரியில் இருந்தால் போதும்.

நம்பிக்கை: வாடிக்கையாளர் சொன்னதெல்லாம் சரி.

உண்மை: திரும்பத் திரும்பத் தாமதமாக டப்பா கொடுக்கும் வீட்டை அவர்கள் விட்டுவிடுவார்கள். ஒரு வீட்டுக்காகக் காத்திருந்து ட்ரெயினைத் தவறவிட்டால் மற்றவர்களின் சாப்பாடும் தாமதமாகும்.

உங்கள் குழுவில் யார் ஒரு வாரம் வராவிட்டால் வேலை நிற்கும் என்று பாருங்கள். அவர் வேலையை இந்த மாதமே இன்னொருவருக்குக் கற்றுக்கொடுங்கள். அவருக்கு லீவும் கொடுங்கள்.