மூலப்படியும் நிற வேறுபாடும்

முன்னுரை

படத்தொகுப்பும் வண்ணச் சீரமைப்பும் நிறைவுற்ற பின்னர் ஒரு திரைப்படத்திற்கென ஆக்கப்படும் முழுமையான கோப்பே மூலப்படி எனப்படும். திரையரங்கு, தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றிற்குச் செல்லும் படிகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன. ஒரே படத்தை இருவேறு கோடெக்குகளில் ஆக்கி ஒப்பிடும்போது, ஒன்றில் நிழல் வெளுத்தும் மற்றொன்றில் முகத்தின் நிறம் திரிந்தும் தோன்றுவதுண்டு. இவ்வேறுபாட்டிற்குக் கோடெக்தான் காரணமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோடெக்கின் இயல்பு

படத்தைச் சுருக்கி எழுதுதலும், எழுதியதை விரித்துக் காட்டுதலும் கோடெக்கின் பணிகளாம். 2003ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட எச்.264, அடுத்தடுத்த பிரேம்களிடையே உள்ள ஒற்றுமையைப் பயன்படுத்திக் கோப்பைப் பெரிதும் சுருக்குகிறது. பார்வையாளரிடம் கொண்டு சேர்ப்பதற்கு அது ஏற்றது. 2007இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட புரோரெஸ் 422, ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியே சுருக்குகிறது; மூலப்படிக்கு அது உகந்தது.

பரவலாக வழங்கும் எச்.264 கோப்புகள் 8 பிட் அளவின. அவற்றில் ஒளிர்வின் படிநிலைகள் 256. புரோரெஸ் 422இன் 10 பிட் அளவில் அவை 1024 ஆகின்றன. படிநிலைகள் குறையுமிடத்து, மெல்ல நிறம் மாறும் வானத்தில் பட்டைகள் தோன்றும். மேலும், 4:2:2 முறையில் நிறத் தகவல் பாதியாகவும், 4:2:0 முறையில் நான்கில் ஒரு பங்காகவும் குறைக்கப்படுகின்றது. அதனால் செந்நிற எழுத்துகளின் ஓரம் மங்கலாம். எனினும் இவை நுட்பத்தைக் குறைப்பனவே அன்றி, படம் முழுவதன் நிறத்தையும் மாற்றுவன அல்ல.

நிறம் திரிவதன் காரணங்கள்

முதலாவது, ஒளிர்வைக் கணக்கிடும் வாய்பாடு. 1982இல் ஏற்கப்பட்ட ரெக்.601 தரத்தில் பச்சையின் பங்கு 0.587, உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கென 1990இல் ஏற்கப்பட்ட ரெக்.709இல் அது 0.7152. ஒன்றால் எழுதியதை மற்றொன்றால் படித்தால் சிவப்பும் பச்சையும் திரியும். வெண்மையும் சாம்பல் நிறமும் மாறா.

இரண்டாவது, அளவெல்லை. 8 பிட் வீடியோவில் கருமை 16 என்றும் வெண்மை 235 என்றும் குறிக்கப்படுதல் மரபு. அதனை 0 முதல் 255 வரையிலான எல்லையெனக் கருதிப் படித்தால் கருமை வெளுத்துவிடும். மாறிப் படித்தால் நிழலின் நுட்பங்கள் இருளில் மறையும்.

மூன்றாவது, காமா எனப்படும் ஒளிர்வு வளைவு. கோப்பிலுள்ள குறிப்பை ஒவ்வொரு பிளேயரும் ஒவ்வொரு வகையாகக் கொள்வதால், ஒரே கோப்பு இரு பிளேயர்களில் இருவேறாகத் தோன்றக்கூடும்.

ஒப்பிடும் முறை

ஒரே மூலத்திலிருந்து இரு கோப்புகளையும் ஆக்குக. அவற்றை மீண்டும் தொகுப்பு மென்பொருளுக்குள் கொணர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வேறுபாடு மட்டும் தெரியுமாறு அமைத்துக் காண்க. திரை முழுவதும் ஏறத்தாழக் கருமையாக இருப்பின் கோடெக் குற்றமற்றது. கண்ட வேறுபாடு பிளேயரைச் சார்ந்தது. விளிம்புகளில் மட்டும் ஒளி தெரியின், அது சுருக்கத்தால் வந்த இழப்பு. பரப்பு முழுவதும் சீராக வேறுபடின், வாய்பாடோ எல்லையோ பிறழ்ந்துள்ளது எனக் கொள்ளலாம். அலைவடிவ அளவியைக் கொண்டு இதனை உறுதி செய்தல் வேண்டும்.

முடிவுரை

ஏட்டில் பிழை காணும் பதிப்பாசிரியர், அது எழுதியவர் பிழையா, படித்தவர் பிழையா என முதலில் வினவுவார். படித்தவர் பிழைக்காக ஏட்டையே திருத்துவாரெனின், நல்ல பாடம் அழிந்தொழியும். திரைப்படத்திற்கும் இது பொருந்தும். பிளேயர் காட்டும் வெளுப்பைக் கண்டு மூலப்படியின் நிறத்தை மாற்றினால், அன்றைய தோற்றப்பிழை என்றைக்கும் உரிய பிழையாகிவிடும். ஆதலின், கண் கண்டதை அளவியால் சோதித்த பின்னரே மூலப்படியில் கைவைத்தல் அறிவுடைமையாகும்.