புதுவீட்டுச் சாவிக்கு ஒரு தோல் கீ செயின், பசிக்கு ஒரு தூக்கு குஸ்கா: முதல்முறை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தெருவில் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. சாமான் மூட்டைகள் பிரிக்கப்படவில்லை, கேஸ் இணைப்பு இன்னும் வரவில்லை. அந்த வீட்டுக்கு இன்று இரண்டு பொருள்தான் வேண்டும்: சாவியை மாட்ட ஒரு வளையம், மத்தியானத்துக்குச் சோறு. கடையில் வாங்கும் சுவர்க்கடிகாரம் அவர்களிடம் ஏற்கெனவே மூன்று இருக்கும்.

ஆலங்காயத்தில் இருப்பவர்களுக்கு இரண்டுமே பக்கத்தில் கிடைக்கும். ஒரு பக்கம் வாணியம்பாடியும் ஆம்பூரும், அங்கே தோலும் பிரியாணியும். இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை, அங்கே தேன்மெழுகும் சாமையும். சனிக்கிழமை மாலை தொடங்கினால் ஞாயிறு மதியம் இரண்டையும் முடித்துவிடலாம்.

எந்தத் தோல்?

முதலில் இதைச் சரியாகப் பிடித்துவிடுவோம். நம் பக்கத்தில் கிடைக்கும் தோல் துண்டுகளில் பெரும்பாலானவை குரோம் தோல், அதாவது குரோமியம் உப்பால் பதனிட்டவை. ஷூவின் மேல்பாகத்துக்குப் போகும் தோல் இதுதான். மெத்தென்று வளையும், பல நிறங்களில் வரும். இன்னொன்று மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட பழைய முறைத் தோல். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைதான் இதற்கு முக்கியச் சரக்கு. தமிழ்நாட்டின் இந்தத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் புவிசார் குறியீடும் பெற்றது.

நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. துண்டின் வெட்டுமுனையைப் பாருங்கள். உள்ளே சாம்பல் கலந்த நீலம் தெரிந்தால் அது குரோம். உள்வரை பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். சந்தேகம் தீரவில்லையென்றால், சாயம் பூசாத துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பட்டைத் தோல் உறிஞ்சிக் கருக்கும்.

நான் முதல்முறை செய்தபோது இந்தச் சோதனையைச் செய்யவில்லை. அழகான சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்து இரவெல்லாம் பெயர் பொறித்தேன். காலையில் பார்த்தால் எழுத்தே இல்லை. குரோம் தோல் அழுத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளாது.

என்னென்ன வேண்டும்?

சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள தோல் துண்டு, இரும்பு வளையம், மெழுகு தேய்த்த கெட்டி நூல், மழுங்கிய ஊசி இரண்டு, வெட்டும் பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், சிறு டப்பா சொல்யூஷன் (தோல் ஒட்டும் பசை). தையல் துளை போட மெல்லிய ஆணியும் சுத்தியலும் போதும். துளைகளுக்கு இடையே சமமான இடைவெளி விட, வீட்டிலிருக்கும் முள்கரண்டியை அழுத்தினால் புள்ளி விழும். இதற்கென விற்கும் கருவியை இப்போதே வாங்க வேண்டாம், நான்கு கீ செயின் தைத்த பிறகு யோசிக்கலாம்.

சனி மாலை: வெட்டுவதும் பொறிப்பதும்

16 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஒரு அட்டை வெட்டுங்கள். அதைத் தோலின் உட்புறத்தில் வைத்துக் கோடு போட்டு, ஸ்கேலை அழுத்திப் பிடித்து வெட்டுவோம். ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு மெல்லிய இழுப்பில் விளிம்பு சுத்தமாக வரும்.

அடுத்து பெயர். வழவழப்பான பக்கத்தை ஈரத் துணியால் சீராக நனையுங்கள். உடனே எழுதக் கூடாது. கருத்த நிறம் மெல்ல வெளுத்துப் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும், அதுதான் நேரம். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். மெழுகில் விரல்நகம் பதிவதுபோல எழுத்து உள்ளே இறங்கும், இறங்கிய கோடு சற்றே கருப்பாகத் தெரியும். நடுவில் மடிக்கப் போகிறோம், வளையம் மேலே வரும். எனவே எழுத்தின் தலை மடிப்பைப் பார்த்து இருக்கட்டும். தமிழில் ‘ழ’, ‘ணி’ போன்றவற்றைச் சிறிதாக எழுதினால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், முதலெழுத்து மட்டும் போதும்.

பிறகு நிழலில் இரவு முழுக்கக் காயட்டும். வெயிலில் வைத்தால் விறைத்து முறுக்கும். காத்திருக்கும் நேரத்தில் மாடிக்குப் போய் வானத்தைப் பாருங்கள். ஜவ்வாது மலைக் காவலூரில், வானியலாளர் வைணு பாப்பு பெயரிலுள்ள ஆய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருப்பதற்கு இந்த இருட்டும் ஒரு காரணம்.

ஞாயிறு காலை: தைப்பது

காய்ந்த தோலில் துணியால் ஒரே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேயுங்கள். அதிகமானால் திட்டுத்திட்டாகக் கருக்கும். வளையத்தைக் கோத்து மடித்து, உட்புறம் இரண்டிலும் சொல்யூஷன் தடவிப் பத்து நிமிடம் விட்டு ஒட்டுவோம். வளையம் நிற்கும் 1 செ.மீ. பகுதியில் மட்டும் பசை வேண்டாம்.

இனி ‘ப’ எழுதுவதுபோல விளிம்பிலிருந்து 3 மி.மீ. தள்ளி இடப்பக்கம் இறங்கி, அடியில் திரும்பி, வலப்பக்கம் ஏறும்படி துளை போடுங்கள். நூல் சுமார் 70 செ.மீ. வேண்டும். இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் முன்னிருந்து ஒன்று, பின்னிருந்து ஒன்று எனச் செலுத்தி இழுப்போம். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிரியாது. கடைசியில் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து நூலை வெட்டுங்கள்.

விளிம்பில் தேன்மெழுகைத் தேய்த்து, கரண்டியின் பின்புறத்தால் வேகமாக உரசினால் பளபளக்கும். மலைத்தேன் விற்பவர்களிடம் கேட்டால் மெழுகும் கிடைக்கும்.

பதினொரு மணிக்கு: குஸ்கா

ஆம்பூர் பிரியாணியிலிருந்து கறியை எடுத்துவிட்டால் குஸ்கா. அதன் நிறமும் காரமும் காய்ந்த மிளகாய் விழுதில் இருக்கிறது, மிளகாய்த்தூளில் அல்ல. எட்டு நீட்டு மிளகாயை விதை உதறி வெந்நீரில் ஊறவைத்து அரையுங்கள். இரண்டு கப் சீரக சம்பாவை அரை மணி நேரம் ஊறவையுங்கள். நான்கு பேருக்கு இது சரியாக வரும்.

அடி கனமான பாத்திரத்தில் எண்ணெயும் கொஞ்சம் நெய்யும் விட்டு, பட்டை, கிராம்பு, ஏலக்காய், பின் நீளமாக நறுக்கிய இரண்டு வெங்காயம். பொன்னிறமானதும் இஞ்சி பூண்டு விழுது. பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள், இங்கே அவசரப்பட்டவர்கள் பிறகு வருந்துவார்கள். அடுத்து மிளகாய் விழுது (கத்தரிக்காய்க்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள்), இரண்டு தக்காளி, கைப்பிடி புதினா, மல்லி, மூன்று ஸ்பூன் தயிர், உப்பு. எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததும் மூன்று கப் தண்ணீர் ஊற்றுவோம். கொதிக்கும்போது ருசி பாருங்கள், உப்பு ஒரு துளி தூக்கலாக இருக்க வேண்டும். அரிசியை வடித்துப் போடுங்கள்.

தண்ணீரும் அரிசியும் சமமட்டத்துக்கு வரும்போது அடியில் தோசைக்கல் வைத்து, மூடி, தீயை முழுக்கக் குறையுங்கள். 15 நிமிடம் தம். அணைத்து இன்னும் பத்து நிமிடம் திறக்கவே கூடாது. கைதேர்ந்தவர்கள் அரிசியைத் தனியே முக்கால் பதம் வேகவைத்து வடித்துச் சேர்த்து, மூடியின் மேல் கங்கு போடுவார்கள். அது நமக்கு அடுத்த வருடம்.

சீரக சம்பா இல்லையென்றால் சாமையிலும் செய்யலாம். தண்ணீரை நான்கு கப்பாக்குங்கள்.

தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். நல்லெண்ணெயில் வதக்கி, தக்காளியும் மீதி மிளகாய் விழுதும் புளிக்கரைசலும் சேர்த்துக் குழைய விட்டால் போதும். வேலூர் முள்ளு கத்தரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள்.

எவ்வளவு ஆகும்?

தோல் துண்டுகளை எடை போட்டு விற்பார்கள், ஒரு கீ செயினுக்கு உள்ளங்கையளவு போதும். தோல், வளையம், நூல், ஊசி, சொல்யூஷன் எல்லாவற்றுக்கும் 250 ரூபாய் ஒதுக்குவோம். குஸ்காவுக்கும் கத்தரிக்காய்க்கும் இன்னொரு 250. இரண்டாவது கீ செயினுக்கு நூலும் பசையும் மிச்சமிருக்கும், தோலும் வளையமும் மட்டும் வாங்கினால் போதும்.

கவனம்

சொல்யூஷன் தீப்பிடிக்கும். அடுப்படியில் அதைத் திறக்கவே கூடாது. ஜன்னல் திறந்த அறையில் ஒட்டி முடித்து, டப்பாவை மூடிய பிறகுதான் சமையல். தோல் வெட்டிய பிளேடும் சமையல் கத்தியும் கலக்க வேண்டாம்.

எடைக்கு வாங்கிய துண்டுகளில் குரோம் தோல் கலந்திருந்தால், அதை அடுப்பில் போடுவதோ செடிக்கு உரமாகப் புதைப்பதோ கூடாது. எரித்தால் குரோமியம் இன்னும் கொடிய வடிவத்துக்கு மாறக்கூடும். தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன வழக்கு அது. நல்ல துண்டுகளை எடுத்து வையுங்கள், அடுத்த பரிசுக்கு ஆகும்.

கொடுப்பது

தூக்கின் அடியில் வாட்டிய வாழையிலையை விரித்து, குஸ்காவை அழுத்தாமல் நிரப்புங்கள். கத்தரிக்காய் தனிக் கிண்ணத்தில். கீ செயினைத் தூக்கின் கைப்பிடியிலேயே மாட்டிவிடலாம். தூக்கை வாங்கும் கைக்கு முதலில் தட்டுப்படுவது அவர்கள் பெயரின் முதலெழுத்தாக இருக்கும். ஒரு மணிக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் ஆனால் அவர்கள் ஹோட்டலுக்குக் கிளம்பியிருப்பார்கள்.