நாவின் அழைப்பும் உடலின் தேவையும்

கர்நாடகத்தின் தென்கோடியில், காவிரிக்கு அருகே அமைந்த ஊர் கொள்ளேகால். 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, பின்னர் மைசூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் விளங்கும் ஊர் அது. பட்டுக்குப் பெயர் பெற்றது. பழைய சென்னை மாகாணத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்த்த முதன்மையான வட்டாரம் அதுவே.

பட்டுப்புழு வளர்க்கும் வீட்டில் ஓர் இரவு தங்கியவர்கள் ஒரு வியப்பைக் கண்டிருப்பார்கள். தட்டுகளில் பரப்பிய இலைகளைப் புழுக்கள் தின்னும் ஓசை, மெல்லிய மழை பெய்வது போல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்துக்குள் புழுவின் எடை ஏறக்குறைய 10,000 மடங்கு பெருகுகிறது. தன் வாழ்நாளில் உண்ணும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அது கடைசிப் பருவத்தில் மட்டுமே உண்கிறது. ஆயினும் அந்தப் பெருந்தீனிக்கு ஓர் எல்லை உண்டு. நான்கு முறை தோலுரிக்கும்போதும், ஒவ்வொரு முறையும் அது உண்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி அசையாமல் கிடக்கிறது. வளர்ச்சி முடிந்ததும் இலையை முற்றிலும் விட்டுவிட்டுக் கூடு கட்டத் தொடங்குகிறது. அதற்குப் பின் எவ்வளவு இளந்தளிரை முன்னே வைத்தாலும் அது திரும்பிப் பார்ப்பதில்லை.

புழுவுக்குத் தெரிந்த இந்த நிறுத்தம் மனிதனுக்கு ஏன் கைகூடுவதில்லை? வயிறு நிறைந்த பின்னும் இனிப்பை நோக்கிக் கை நீள்வது ஏன்? காலையில் ‘இனி தொடமாட்டேன்’ என்று உறுதி எடுத்தவர் மாலையில் அதே பலகாரத்தின் முன் தோற்று நிற்பது ஏன்? ஆன்மிகச் சாதனையில் ஈடுபட்ட பலர் வெளியே சொல்ல வெட்கப்பட்டுத் தமக்குள்ளேயே நொந்துகொள்ளும் துன்பம் இது. ஆகவே இதைப் பழிக்காமல் ஆராய்வது நலம்.

பசி வேறு, வேட்கை வேறு

பசி மெல்ல மெல்ல வளர்வது. பசித்தவனுக்குச் சோறாயினும் களியாயினும் கஞ்சியாயினும் ஒன்றே. உண்டதும் அது அடங்கிவிடும். வேட்கையோ திடீரென எழுவது. அது உணவைக் கேட்பதில்லை, குறிப்பிட்ட ஒரு பண்டத்தையே கேட்கும். முறுக்கு வேண்டும் என்று எழுந்த வேட்கை தயிர்ச்சோற்றால் தணியாது. அதோடு, வேட்கை எழும்போது மனத்தில் ஒரு படமும் எழுகிறது. அந்தப் பண்டத்தின் நிறம், மணம், மொறுமொறுப்பு எல்லாம் உள்ளத்திரையில் தெளிவாகத் தோன்றும். பசியின் இருப்பிடம் வயிறு என்றால், வேட்கையின் இருப்பிடம் நினைவு.

ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் அவதூதர் ஒருவர் தம் இருபத்துநான்கு குருமார்களைப் பற்றிக் கூறுகிறார். அவர்களுள் மீனும் ஒன்று. தூண்டில் இரையின் சுவைக்கு மயங்கி மீன் உயிரை இழப்பதைக் கண்டு, நாவை வெல்வதே புலன்களை வெல்வதில் மிகக் கடினமானது என்று அவர் கற்றுக்கொள்கிறார். ஏனைய புலன்களின் வேகம் உண்ணாமையால் தளரும். நாவின் வேகமோ உண்ணாமையால் மேலும் கூர்மையடையும் என்று அங்கே விளக்கப்படுகிறது. இந்த நுட்பம் மிக முக்கியமானது. பின்னால் இது மீண்டும் தேவைப்படும்.

உடல் உண்மையாகவே கேட்கும்போது

எல்லா வேட்கையும் மனத்தின் விளையாட்டு என்று முடிவு கட்டிவிடலாகாது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நிகழ்ந்த ஒரு துயரச் செய்தியை லாசன் வில்கின்ஸ், கர்ட் ரிக்டர் என்ற இரு அறிஞர்கள் 1940-இல் வெளியிட்டனர். மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் உப்பை அள்ளி அள்ளித் தின்றான். அவன் முதன்முதலில் பேசக் கற்ற சில சொற்களில் உப்பு என்பதும் ஒன்று. வேறொரு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவனுக்கு அங்கே எல்லோருக்கும் தரும் உணவே தரப்பட்டது. ஏழு நாட்களில் அவன் இறந்தான். அவனுடைய சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் பழுதுபட்டிருந்ததால் உடல் உப்பைத் தக்கவைக்க இயலாமல் இழந்துகொண்டிருந்தது. அவன் நாக்கு கேட்டது சுவையை அன்று, உயிரை.

இத்தகைய நிலை அரிது. ஆனால் இதற்கு இணையான ஒன்று நம் நாட்டு வீடுகளில் அரிதன்று. மண், சாம்பல், சுண்ணக்கட்டி, பச்சரிசி, பனிக்கட்டி போன்றவற்றை மறைவில் உண்ணும் பெண்களும் குழந்தைகளும் உள்ளனர். இரும்புச்சத்துக் குறைவோடு இப்பழக்கம் பெரிதும் சேர்ந்து காணப்படுகிறது என்று மருத்துவம் கூறுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. மசக்கைக் காலத்தில் மண் தின்னும் மருமகளை ஏளனம் செய்வதும், சிலேட்டுக் குச்சி தின்னும் குழந்தையை அடிப்பதும் அறியாமை. அவர்களுக்கு வேண்டியது இரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் ஆலோசனையும். அடங்காத தாகத்துடனோ திடீர் உடல் மெலிவுடனோ பெரும்பசி வந்தால் சர்க்கரை நோய்க்கான பரிசோதனையும் தேவை. உடலும் இறைவன் தந்த கருவியே. அதன் முறையீட்டைக் கேட்பதும் தர்மம்.

மனம் கேட்கும்போது

ஆனால் ஜிலேபிக்கோ வறுவலுக்கோ எழும் அன்றாட வேட்கைக்குப் பின்னால் இத்தகைய சத்துக்குறைவு பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே வேலை செய்வது பழக்கத்தின் தடம். சாத்திரங்கள் இதனைச் சம்ஸ்காரம் என்று கூறுகின்றன. ஒரு பண்டத்தை உண்டபோது கிடைத்த இன்பம், அந்த வேளையோடும் இடத்தோடும் மனநிலையோடும் பிணைந்து பதிந்துவிடுகிறது. மாலை நான்கு மணி ஆனதும் தேநீரோடு பஜ்ஜி நினைவுக்கு வருகிறது. தேர்வில் தோற்ற நாளில் அம்மா தந்த இனிப்பு, இன்றைய ஒவ்வொரு தோல்வியிலும் நினைவுக்கு வருகிறது. கேட்பது நாக்கு போலத் தோன்றும். உண்மையில் கேட்பது ஆறுதலை நாடும் உள்ளம்.

களைப்பும் இதற்குத் துணை போகிறது. சிகாகோவில் பன்னிரண்டு இளைஞர்களை வைத்து நடத்தி 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கையில் இருக்க விட்டபோது, பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு 28 விழுக்காடு உயர்ந்தது. நிறைவை உணர்த்தும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. இனிப்பும் உப்பும் மாவும் மிகுந்த பண்டங்களின் மேல் அவர்களுக்கு ஆசை பெருகியது. இரவு நெடுநேரம் கண்விழித்துவிட்டு, மறுநாள் நாவடக்கம் இல்லையே என்று வருந்துபவர் காரணத்தை வேறிடத்தில் தேடுகிறார்.

சந்தையும் தன் பங்கைச் செய்கிறது. ஆலைகளில் பெரிதும் பதப்படுத்திய உணவை இரண்டு வாரம் விரும்பிய அளவு உண்ண விட்டபோது, எளிய முறையில் சமைத்த உணவை உண்டபோதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி மிகுதியாக உண்டார்கள் என்று 2019-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இரு வகை உணவிலும் முன்னே வைக்கப்பட்ட சத்துகளின் அளவு ஒன்றுபோலவே அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே பொட்டலத்தைத் திறந்தவர் பாதியில் நிறுத்த இயலாமல் போவது அவருடைய பலவீனம் மட்டும் அன்று.

வெறும் அடக்குமுறை பயன் தருமா?

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 காலத்தில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். உடல்நலமும் மனவலிமையும் மிக்க 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தனர். பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு எவ்வாறு உணவூட்டுவது என்பதை அறிவதே நோக்கம். நாள் செல்லச் செல்ல அவர்கள் உள்ளத்தில் வேறு எதற்கும் இடமில்லாமல் போயிற்று. உணவையே பேசினார்கள், உணவையே கனவு கண்டார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். பட்டினி முடிந்த பின்னும் சிலருக்கு எவ்வளவு உண்டாலும் நிறைவு வரவில்லை. அவதூதர் மீனிடம் கற்றது எவ்வளவு உண்மை!

ஏகாதசியன்று நீரும் அருந்தாமல் இருந்துவிட்டு, நாள் முழுதும் துவாதசிப் பாரணையின் பட்டியலையே நினைத்திருப்பவருக்கும் இதே நிலைதான். உடல் உபவாசம் இருக்கிறது, மனம் விருந்துண்கிறது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் இதைத் தெளிவுபடுத்துகிறார்: உண்ணாதவனை விட்டு விஷயங்கள் விலகும், ஆனால் அவற்றின் மீதுள்ள சுவை விலகாது, பரம்பொருளைக் கண்டபோதே அதுவும் விலகும். ஆறாம் அத்தியாயத்தில், மிகுதியாக உண்பவனுக்கும் யோகமில்லை, முற்றிலும் உண்ணாதவனுக்கும் இல்லை என்று நடுவழியைக் காட்டுகிறார். திருவள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தில், முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின், அளவோடு உண்ணுமாறே கூறுகிறார். உண்ணாதே என்று அவர் சொல்லவில்லை.

கையாளும் நெறி

முதலாவது, வேளை தவறாமல் நிறைவாக உண்ணுதல். நெடும்பசி வேட்கையின் வாசலைத் திறந்து வைக்கிறது. கொள்ளேகால் வட்டாரத்து உழவர்கள் இன்றும் உண்ணும் கேழ்வரகுக் களியும் கீரையும் பயறும் போன்ற எளிய உணவு நெடுநேரம் வயிற்றில் நிற்கும். போதிய உறக்கமும் இதில் அடங்கும்.

இரண்டாவது, கேட்டறிதல். வேட்கை எழுந்ததும், ‘இப்போது ஒரு கிண்ணம் சாதாரணச் சோறு கிடைத்தால் உண்பேனா?’ என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்றால் அது பசி, உண்ணலாம். இல்லை என்றால், ‘கேட்பது யார்? களைப்பா, கவலையா, தனிமையா, பழக்கமா?’ என்று மேலும் கேட்க வேண்டும். பல வேளைகளில் இந்தக் கேள்வியிலேயே வேட்கையின் பிடி தளரும்.

மூன்றாவது, காத்திருத்தல். வேட்கை அலையைப் போன்றது. அது எழும், உச்சம் அடையும், தாழும். தீராமல் வளர்ந்துகொண்டே போகும் என்று அஞ்சியே மனிதன் உடனே பணிந்துவிடுகிறான். கால் மணி நேரம் எதிர்க்காமலும் பணியாமலும் சாட்சியாக நின்று பார்ப்பவர், அது தானே தணிவதைப் பலமுறை காண்பார்.

நான்காவது, உள்ளத்துப் படத்தை மாற்றுதல். வேட்கை மனக்காட்சியால் உயிர்வாழ்வது என்று முன்னர் கண்டோம். கண்ணையும் கருத்தையும் ஈர்க்கும் கணினி விளையாட்டொன்றை மூன்றே நிமிடம் ஆடியவர்களுக்கு வேட்கையின் வேகம் குறைந்ததை 2014-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் கண்டனர். ஒரே திரையில் இரு படங்கள் தெளிவாக ஓட இயலாது என்பதே காரணம். சாதகருக்கு இதைவிடச் சிறந்த துணை உண்டு. இஷ்ட தெய்வத்தின் திருவுருவைப் பாதம் முதல் முடி வரை நினைத்து ஜபம் செய்தால், பண்டத்தின் படத்துக்கு அங்கே இடமிராது.

ஐந்தாவது, உண்பதானால் விழிப்போடு உண்ணுதல். விலையுயர்ந்த சரிகை ஆடை உடுத்தி வெள்ளி ஹூக்கா பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை ஸ்ரீராமகிருஷ்ணருக்கு எழுந்தது. மதுர்பாபு அவற்றை வாங்கித் தந்தார். அவர் ஆடையை உடுத்தினார், பல விதமாக ஹூக்கா பிடித்தார். இதுதான் அது என்று மனத்துக்கு எடுத்துக்காட்டினார். உடனே அதை விட்டார். ஆடையையும் சற்று நேரத்தில் எறிந்தார். எல்லா ஆசைக்கும் இது பொருந்தாது. ஆனால் சிறிய சுவையாசைக்குப் பொருந்தும். மறைவில் நின்றபடி அள்ளி விழுங்காமல், சிறிதளவு எடுத்து, இறைவனுக்கு நிவேதித்து, பிறரோடு பகிர்ந்து, அமர்ந்து, சுவையை முழுமையாக அறிந்து உண்பவருக்குச் சிறிதே போதும்.

ஆறாவது, தவறியபோது தன்னைப் பழிக்காதிருத்தல். ‘கெட்டது கெட்டது, இனி எவ்வளவு உண்டால் என்ன’ என்ற எண்ணமே முதல் தவற்றைவிடப் பெரிய தீங்கு. அடுத்த வேளை உணவை வழக்கம்போல் உண்டு, நெறியைத் தொடர வேண்டும். அளவின்றி உண்பதும் வருந்துவதும் அடிக்கடி நிகழ்ந்து வாழ்வையே வாட்டினால், அது நோய். மருத்துவரிடம் கூற வெட்கம் வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருத்தலும் கூடாது.

பந்தியில் கிடைக்கும் பாடம்

கொள்ளேகாலிலிருந்து மலைப்பாதையில் சுமார் 80 கிலோமீட்டர் சென்றால் மாதேஸ்வரன் மலை வரும். சிவராத்திரிக்கும் யுகாதிக்கும் தீபாவளிக்கும் கர்நாடகத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் அங்கே அடியார்கள் திரள்கிறார்கள். பலர் நடந்தே மலையேறுகிறார்கள். அங்கே தாசோகம் என்னும் அன்னதானம் நடைபெறுகிறது. வரிசையில் அமர்ந்தவரிடம், ‘உமக்கு என்ன வேண்டும்?’ என்று எவரும் கேட்பதில்லை. அனைவருக்கும் ஒன்றே பரிமாறப்படுகிறது. வீட்டில் குழம்பில் உப்புக் குறைந்தாலும் முகம் சுளிப்பவர் அங்கே மனநிறைவோடு உண்டு எழுகிறார். நாக்கு மாறிவிடவில்லை. உணவு பிரசாதம் என்ற பாவனை வந்தது. ‘எனக்கு’ என்ற எண்ணம் சற்று விலகியது. வேட்கைக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

அந்தப் பாவனையை வீட்டு அடுக்களைக்கும் கொண்டுவருவதே நாவை வெல்லும் வழி. உடலின் தேவையை அன்போடு நிறைவேற்றி, மனத்தின் அழைப்பைப் பொறுமையோடு விசாரித்து, உள்ளத்தை உயர்ந்த சுவையில் ஈடுபடுத்தும் சாதகருக்கு, ஒரு நாள் தாழ்ந்த சுவை தானே நழுவும். கொள்ளேகால் வீட்டுத் தட்டில் இருக்கும் புழுவை இலையிலிருந்து எவரும் பிடித்து இழுப்பதில்லை. நூற்க வேண்டிய பட்டு உள்ளே நிறைந்ததும் அது தானே தலை நிமிர்கிறது.